ஸ்க்ரமா, கான்பானா? எபேன் டெஸ்டர்களுக்கு எது தோதுப்படும்

மொரிஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் உங்கள் டீமில் என்ன முறை என்று கேட்டால் சட்டென்று வரும் பதில் ஸ்க்ரம்தான், அதாவது வேலையை ஸ்பிரிண்ட் என்ற குறுகிய, நிலையான காலத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திட்டமிட்டுச் செய்யும் முறை. பாரிஸில் இருக்கும் கிளையன்ட் ஸ்க்ரம் என்றால் மொரிஷியஸிலும் ஸ்க்ரம், டெஸ்டிங்குக்கு அது ஒத்துவருமா என்ற கேள்வியே எழுவதில்லை. டெவலப்பருக்கு எது வசதி என்று நிறைய எழுதியாயிற்று, இங்கே டெஸ்டர் பக்கம் நின்று ஸ்க்ரமையும், ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கலாம் என்று அளவு வைக்கும் கான்பானையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு கட்டம் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்தது என்று இறங்கும் வாட்டர்ஃபால் முறையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. எல்லாம் கட்டி முடித்த பிறகு கடைசியில் டெஸ்டிங் என்று வைத்தால் ஆபத்து என்று வின்ஸ்டன் ராய்ஸ் 1970லேயே எழுதிவிட்டார், வாட்டர்ஃபால் படத்துக்குச் சொந்தக்காரர் என்று எல்லோரும் கைகாட்டுவதும் அவரைத்தான். 2001ல் யூட்டாவில் 17 பேர் கூடி, சின்னச் சின்னத் துண்டாகச் செய்து காட்டச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதிய பிறகும் அந்தப் பழக்கம் ஒழியவில்லை என்பதுதான் என் ஆதங்கம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஸ்க்ரம். இதில் டெஸ்டருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் திட்டமிடல் கூட்டம். புரோகிராம் எழுதத் தொடங்கும் முன்பே டெஸ்டருக்கு அங்கே ஒரு நாற்காலி உண்டு, கேள்வி கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரெஞ்சு கிளையன்டுக்கு இன்வாய்ஸ் பக்கம் செய்கிறீர்கள், தொகை 1 234,56 என்று வரவேண்டும். ஆயிரத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த இடைவெளி நாம் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வருகிற எழுத்து இல்லை. ஜாவா என்ற நிரல் மொழியின் பழைய பதிப்புகளில் அது வரி உடையாத இடைவெளி, ஜாவா 13லிருந்து அதைவிடக் குறுகலான இன்னொரு எழுத்து. டெஸ்டர் எதிர்பார்க்கும் விடையைக் கையால் தட்டி வைத்திருப்பார், ரிப்போர்ட்டில் சிவப்பு விழும், இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, சர்வரில் எந்த ஜாவா ஓடுகிறது, டெஸ்ட் மெஷினில் எந்த ஜாவா என்று தேடிப் போனால்தான் பிடிபடும். தொகையை எந்த லைப்ரரி அச்சிடுகிறது, ஜாவா எந்தப் பதிப்பு என்று திட்டமிடலிலேயே கேட்டிருந்தால் ஐந்து நிமிடப் பேச்சு. ஸ்பிரிண்டின் கடைசி நாளில் தெரிந்தால் ராத்திரி வேலை.

ஆனால் நடப்பு என்ன? இரண்டு வார ஸ்பிரிண்ட், முதல் நாளே டெவலப்பர்கள் ஆளுக்கொரு ஸ்டோரியை, அதாவது ஒரு சிறு தேவையை, எடுத்துக்கொள்கிறார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகிறது, கடைசி இரண்டு நாளில் மொத்தமும் டெஸ்டர் தலையில் வந்து விழுகிறது. மேலே சொன்ன பழைய பழக்கம் இதுதான், வாட்டர்ஃபால் குட்டியாகி ஸ்பிரிண்டுக்குள் புகுந்துகொண்டது. போதாததற்கு ரிக்ரெஷன் வேறு. பத்தாவது ஸ்பிரிண்டில் முந்தைய ஒன்பதில் செய்ததெல்லாம் உடையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், நாட்கள் மட்டும் அதே பத்து வேலைநாள். டெஸ்டுகளைத் தானாக ஓட வைக்கும் ஆட்டோமேஷன் இல்லாமல் ஸ்க்ரம் ஓட்டுகிற டீம் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோதிக்காமல் விட்டுக்கொண்டே போகும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊர் காலண்டரையும் பாருங்கள். வருடப் பிறப்புக்கு இரண்டு நாள், தைப்பூசக் காவடி, அடிமை ஒழிப்பு நாளான பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, தேசிய நாளான மார்ச் 12 என்று விடுமுறைகள். இந்தப் பக்கம் இப்படி என்றால் மே மாதம் 1, 8, அசென்ஷன் என்று பிரான்ஸ் பக்கம் விடுமுறை, அந்த நாட்களில் சந்தேகம் கேட்க அங்கே ஆள் கிடையாது. போதாக்குறைக்கு ஜனவரி பிப்ரவரியில் புயல். மூன்றாம் எச்சரிக்கை வந்தால் அலுவலகம் மூடிவிடும். இப்படி டெவலப்மென்டில் வீணான நாளை யாரும் திருப்பித் தருவதில்லை, டெஸ்டிங் நாளிலிருந்துதான் கழிக்கிறார்கள். இரண்டு வாரம் என்று கோடு போட்டு வேலை செய்யும் முறை இங்கே வருடத்தின் முதல் மூன்று மாதம் நொண்டத்தான் செய்யும்.

இனி கான்பான். டொயோட்டா ஆலையில் தைச்சி ஓனோ வளர்த்த முறை, அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டேவிட் ஆண்டர்சன். வேலைக்கு ஒரு அட்டை, கட்டத்துக்கு ஒரு பத்தி (column) என்று பிரித்த போர்டு எல்லாம் ஸ்க்ரமிலும் உண்டு, அதனால் இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் அதிகம். வித்தியாசம், ஒரே நேரத்தில் அங்கே எத்தனை அட்டை இருக்கலாம் என்று ஒவ்வொரு பத்திக்கும் மேலே எழுதியிருக்கும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. டெஸ்டிங் பத்தியில் 3 என்று போட்டிருந்தால் நான்காவது அட்டை உள்ளே வரக்கூடாது. டெவலப்பர் முடித்துவிட்டேன் என்று தள்ளிவிட்டுப் புதிய வேலையை எடுக்க முடியாது, வந்து டெஸ்டிங்குக்குக் கை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா உட்கார வேண்டும். மேனேஜரிடம் போய் மன்றாடாமல் டெஸ்டருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு இது, வேறு எந்த முறையும் இவ்வளவு நேரடியாக இதைத் தருவதில்லை. லைவில் அவசரப் பக் வந்தால் ஸ்பிரிண்ட் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், புயலில் ஒரு நாள் போனால் வரிசை ஒரு நாள் தள்ளும், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. எப்போது முடியும் என்று கிளையன்ட் கேட்டால், ஒரு அட்டை சராசரியாக எத்தனை நாள் எடுக்கிறது என்ற கணக்கு கையில் சேரும் வரை நல்ல பதில் இருக்காது. திட்டமிடல் கூட்டம் கட்டாயம் இல்லை என்பதால் டெஸ்டரைக் கேட்காமலேயே வேலை தொடங்கிவிடும், இன்வாய்ஸ் கதை இங்கே இன்னும் சுலபமாக நடக்கும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நாலு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த மாதம் அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

தினமும் நடக்கும் குட்டிக் கூட்டமான ஸ்டாண்ட்அப்பில் இரண்டும் சமம். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு மூன்று மணி நேரம் பின்னால், அவர்களுக்கு ஒன்பதரை என்றால் நமக்குச் சாப்பாட்டு நேரம். எந்த முறையும் இதை மாற்றப்போவதில்லை.

என் முடிவு இது. அடியிலிருந்து கட்டும் புதிய தயாரிப்பு என்றால் ஸ்க்ரம், ஆனால் டெஸ்டிங் பத்திக்குக் கான்பான் எண்ணைப் போட்டு. ஸ்க்ரம் அதைத் தடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்கு சப்போர்ட், சின்னச் சின்ன மாற்றங்கள் என்றால் யோசிக்காமல் கான்பான், அதோடு ஒரு விதி: கேட்டவர், எழுதுபவர், சோதிப்பவர் மூவரும் கால் மணி நேரம் பேசாமல் எந்த அட்டையும் நகரக்கூடாது. கிளையன்ட் ஸ்க்ரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள், ஸ்பிரிண்ட் முடிவில் நிறைகுறை பேசும் அடுத்த ரெட்ரோவில் அந்த எண்ணை மட்டும் கேட்டு வாங்குங்கள். டெஸ்டர் இரண்டு பேர் என்றால் மூன்றில் தொடங்கலாம்.