ஒன்றேகால் கிலோவா, இரண்டரைக் கிலோவா: வேலூர் வெயிலில் ஒரு மடிக்கணினி அலசல்

காட்பாடி காந்தி நகரில் காய் வாங்கப் போன ஒரு மாலையில், முதுகுப்பையைக் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்தேன். 3 கிலோ 150 கிராம். உள்ளே இருந்தவை மடிக்கணினியும் அதன் அடாப்டரும் மட்டும்தான். "இதையும் கூறு போட்டு விற்கவா தம்பி?" என்று கேட்டார் கடைக்கார அம்மா. பக்கத்தில் இலவம்பாடி முள்கத்திரிக்காய் குவிந்து கிடந்தது. மூன்று கிலோ கத்திரிக்காயைச் சென்னைக்குத் தூக்கிப் போய், ஒரு காயைக்கூட விற்காமல் மாலையில் திருப்பித் தூக்கி வருகிறவனை ஊர் என்ன சொல்லும்? இரண்டு ஆண்டுகளாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வாரத்தில் நான்கு நாள் எனக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ். ஜோலார்பேட்டையில் புறப்படும் வண்டி. வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் இடம் பிடித்துவிட்ட பிறகுதான் காட்பாடிக்கு வரும். சென்ட்ரல்வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர், பாதி நாள் நின்றுகொண்டே. நான் பார்ப்பதோ ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கு. அதற்குப் போய் விளையாட்டுக்கென்று செய்த கணினியை ஏன் வாங்கினேன் என்றால், 'வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாக வாங்கிவிடுவோம்' என்கிற புத்திதான்.

இப்போது அதை மாற்றும் நேரம் வந்தது. அதே வாரத்தில், இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகள், "சித்தப்பா, லேசானது வாங்கட்டுமா, வேகமானது வாங்கட்டுமா?" என்று கேட்டாள். சத்துவாச்சாரியில் திருமண வீடியோ எடுக்கும் நண்பருக்கும் அதே குழப்பம். மூன்று பேருக்கும் சேர்த்து அலசியதில் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

எடை

விளம்பரத்தில் போடுகிற எடை கணினியின் எடை. நம் தோள் சுமப்பது அடாப்டரோடு சேர்ந்த எடை. ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. எல்ஜி நிறுவனத்தின் 'கிராம்' என்ற மடிக்கணினியில் 14 அங்குல வகை ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் குறைவாக, 999 கிராம் என்று பெருமையடித்துக்கொண்டு வந்தது. 17 அங்குலத் திரை கொண்ட அதன் அண்ணன்கூட 1.35 கிலோதான். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் பன்னிரண்டாம் தலைமுறை 1.09 கிலோவில் தொடங்குகிறது. இவற்றுக்கெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் 30 முதல் 65 வாட் சார்ஜர் போதும். பல நேரம் கைபேசியின் யூஎஸ்பி-சி சார்ஜரே இரண்டு வேலையும் பார்த்துவிடும்.

எதிர்த் தரப்பில், தனி கிராபிக்ஸ் அட்டை (படம், விளையாட்டுக் காட்சிகளுக்கான கணக்கைப் போடும் தனிச் சில்லு) கொண்ட 15 அங்குலக் கணினிகள் 2.2 முதல் 2.5 கிலோ. அவற்றின் 170 வாட், 230 வாட் அடாப்டர்களைச் செங்கல் என்று சொல்வதில் மிகை இல்லை; வயர்களோடு சேர்த்து அரைக் கிலோவைத் தாண்டிவிடும். அதை வீட்டில் விட்டுப் போகவும் முடியாது. ஏன் என்பதைப் பேட்டரிப் பேச்சில் சொல்கிறேன்.

ஆகவே 1.2 கிலோவுக்கும் 2.4 கிலோவுக்கும் உள்ள இடைவெளி, பைக்குள் போனதும் 1.4-க்கும் 3-க்குமாக விரிகிறது. கிரீன் சர்க்கிளில் பஸ்ஸுக்கு ஓடும்போது தோள் அறிவது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

வேகம்

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் தை மாதம் பிறந்தால் மாடு விடும் விழா. தெருவில் குறித்த தூரத்தை மிகக் குறைந்த நொடிகளில் ஓடிக் கடக்கும் காளைக்குப் பரிசு. அதே காளையை ஏரில் பூட்டி ஒரு காணி உழச் சொன்னால் நுரை தள்ளும். மெல்லிய மடிக்கணினி அந்த விழாக் காளை. கோப்பைத் திறப்பது, பத்துப் பக்கங்களை ஒரே நேரத்தில் இணையத்தில் திறப்பது, பெரிய எக்செல் தாளில் ஒரு கணக்கைப் போடுவது எல்லாம் சில நொடி ஓட்டங்கள். இவற்றில் ஒன்றேகால் கிலோ கணினிக்கும் இரண்டரைக் கிலோ கணினிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. என் பழைய கனத்த கணினியில் நான் செய்ததெல்லாம் இந்த வகை வேலைதான் என்று உறைக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

வித்தியாசம் உழவில் தெரியும். கணினியின் மூளையான சில்லைத்தான் செயலி என்கிறேன். இன்டெல் செயலிகளில் பல தலைமுறைகளாக, பெயரின் கடைசியில் வரும் எழுத்தே இதைச் சொல்லிவிடும்: யூ என்றால் நெடுநேரத்துக்கு 15 வாட், எச் என்றால் 45, எச்எக்ஸ் என்றால் 55. எல்லாமே முதல் சில நொடிகளுக்கு இதைவிடப் பலமடங்கு மின்சாரம் இழுத்துப் பாயும். பிறகு வெப்பம் ஏறியதும் தன் அளவுக்கு இறங்கிவிடும். அரை மணி நேரம் ஓடும் வேலையில், இறங்கிய பிறகு நிற்கும் வேகம்தான் கணக்கு. கிராபிக்ஸ் அட்டையில் இந்த வித்தை இன்னும் மோசம். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில், 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. மெல்லிய உடலுக்குள் போட்டால் குறைந்த வாட்டில்தான் போடுவார்கள். பெட்டியின் மேல் ஒரே பெயர் இருப்பதை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். கடையில் அட்டையின் பெயரோடு நிறுத்தாமல், எத்தனை வாட் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

வெயில்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். வேலூருக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. அக்னி நட்சத்திரத்தின்போது இங்கே 40 டிகிரி என்பது செய்தியே அல்ல. சுற்றிலும் பாறை மலைகள், நடுவில் மணலாகக் கிடக்கும் பாலாறு. விமர்சனம் எழுதுகிறவர்களோ பெரும்பாலும் 22, 25 டிகிரியில் குளிரூட்டிய அறையில் கணினியைச் சோதிக்கிறார்கள்.

செயலி ஏறத்தாழ 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விசிறி எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது, உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் அந்த இடைவெளி 75. நம் 40 டிகிரி மாடி அறையில் 60. அதே விசிறி, அதே செம்புக் குழாய், ஆனால் தள்ளும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. கனத்த கணினிக்குக் கொஞ்சம் கை இருப்பு இருக்கும். சமாளித்துவிடும், கூடவே ஜெட் விமானம்போல இரையும்.

விசிறியே இல்லாத மெல்லிய கணினிகளின் நிலை வேறு. மேக்புக் ஏர் அந்த வகை. அங்கே வெப்பம் வெளியேறும் வழி, நாம் கை வைக்கும் அந்த உலோக உடல்தான். கை பொறுக்கும் சூடு சுமார் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் 20 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. 40 டிகிரி அறையில் வெறும் 5. அதாவது நாலில் ஒரு பங்கு. மேக்புக் வகைகளைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிளே தன் விவரக் குறிப்பில் எழுதியிருக்கிறது. வேலூரில் மே மாதத்து மதியம் குளிர்சாதனம் இல்லாத அறை அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. விசிறி இல்லாத கணினியில் சத்தமும் இல்லை, புழுதியும் புகாது. கடிதம், கணக்கு, படிப்பு என்பவருக்கு அருமையான பொருள். ஆனால் நெடுநேரம் உழைக்க வேண்டியவர் இந்த ஊரில் அதை நம்ப வேண்டாம் என்பேன்.

புழுதியைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய கணினியின் வெப்பத் தகடுகளுக்கு இடையே உள்ள சந்து மிகக் குறுகியது. ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்யாவிட்டால் புதிதில் இருந்த வேகம் திரும்பி வராது. மெத்தைமேல் வைத்து வேலை செய்கிறவர்கள் இதில் கூட்டுக் குற்றவாளிகள்.

பேட்டரி

விமானத்தில் கொண்டு செல்ல 100 வாட்-மணி (ஒரு வாட் வீதம் 100 மணி நேரம் தரும் அளவு) என்ற வரம்பு இருப்பதால் எவ்வளவு பெரிய மடிக்கணினியிலும் அதற்குமேல் பேட்டரி வைப்பதில்லை. ஆக, தொட்டியின் அளவில் பலமடங்கு வித்தியாசம் இல்லை. மின்சாரத்தை இழுக்கும் குழாயின் அகலம்தான் பெரிதும் வேறு. 13 அங்குல மேக்புக் ஏரின் பேட்டரி சுமார் 53 வாட்-மணி. சாதாரண வேலைக்குச் சராசரியாக 5 வாட் இழுத்தால் 10 மணி நேரம் வரும். 80 வாட்-மணி பேட்டரி இருந்தும் சும்மா இருக்கும்போதே 16 வாட் இழுக்கும் கணினிக்கு 5 மணி நேரம். அதில் கிராபிக்ஸ் அட்டையையும் முடுக்கிவிட்டால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. நிற்கிற அந்த நேரத்திலும் முழு வேகம் வராது, ஏனென்றால் 150 வாட்டுக்கு மேல் கொடுக்கும் திறன் பேட்டரிக்கு இல்லை. செங்கல்லை வீட்டில் விட முடியாது என்று சொன்னதன் காரணம் இதுதான். கனத்த கணினி உண்மையில் சுவரோடு கட்டிய கணினி. இடம் மாற்றலாம், அவ்வளவே.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலைவரை மின்சாரம் நிற்கும் நாளில் இது நன்றாகவே புரியும். அன்று மெல்லிய கணினிக்காரர் வேலை பார்ப்பார். மற்றவர் விசிறிமட்டை தேடுவார்.

மூன்று பேர்

வீடியோ நண்பருக்குக் கனத்த கணினிதான் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அங்கேதான் தவறினேன். இன்றைய கேமராக்கள் பல, நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட், 4:2:2 வகையில், எச்.265 என்ற சுருக்க முறையில் கோப்பாகப் பதிவு செய்கின்றன. இதைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று இன்டெலின் பதினோராம் தலைமுறை முதலும் ஆப்பிளின் எம்1 முதலும் செயலிக்குள்ளேயே இருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் அட்டைகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதனால் 40 வரிசை அட்டையும் ஏஎம்டி செயலியும் கொண்ட நண்பரின் கணினியில் திக்கித் திக்கி ஓடிய காட்சி, 1.3 கிலோ கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. காலை முகூர்த்தத்தில் எடுத்ததை மாலை வரவேற்பிலேயே ஓட்டிக்காட்டும் வேலைக்கு அது போதும். மூன்று மணி நேர முழுப் படத்தை ஏற்றுமதி செய்ய மட்டும் கனத்தது வேண்டும். அதை மண்டபத்துக்குத் தூக்கிப் போவானேன்? மேசைக் கணினி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டார். அதே பணத்துக்கு மேசைக் கணினி எப்போதும் வலுவானது, வெயிலையும் அது பொறுக்கும்.

அண்ணன் மகளின் கணக்கு வேறு. இயந்திர பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும்; ஆப்பிள் அங்கேயே போயிற்று. கைபேசிகளில் இருப்பதுபோன்ற ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட விண்டோஸ் கணினிகளிலும் பொறியியல் மென்பொருளை நம்பி இறங்க முடியாது. மீதி இருந்த கேள்வி, தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டுமா என்பது. "சீனியர்கள் எல்லோரும் கேமிங் கணினி வைத்திருக்கிறார்கள் சித்தப்பா" என்றாள். விளையாடத்தான் என்பதை அவள் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. பாகம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் அன்சிஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பில், கட்டமைப்புப் பகுப்பாய்வுக்கு 1,28,000 கணுக்கள் (மாதிரியைப் பகுத்துக் கணக்கிடும் புள்ளிகள்) என்ற வரம்பு இருக்கிறது. அந்த அளவு மாதிரியை எச் வகைச் செயலி சில நிமிடங்களில் முடித்துவிடும். அதைவிடப் பெரிய வேலைக்குக் கல்லூரி ஆய்வகம்தான், கணினி எவ்வளவு கனமாக இருந்தாலும். நினைவகத்தில் (ரேம்) மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மெல்லிய கணினிகளில் பெரும்பாலும் அது பலகையோடு பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் கனத்த கணினிகள் பாராட்டுக்குரியவை. மூடியைத் திறந்து இன்னொரு துண்டைச் செருகிக்கொள்ளலாம். அவள் வாங்கியது 14 அங்குலம், 1.4 கிலோ, எச் வகைச் செயலி, 32 ஜிபி. தனி அட்டை கொண்டும் 1.5 கிலோவில் நிற்கிற அசூஸின் ஜெஃபைரஸ் ஜி14 போன்றவை இரண்டு கரையையும் தொடப் பார்ப்பவை; அழகானவைதான், ஆனால் அந்த விலைக்கு அண்ணன் இன்னும் இரண்டு ஆண்டுக் கட்டணம் கட்டிவிடுவார்.

எனக்கு? கணக்கு எழுதும் டேலி மென்பொருள் ஓட வேண்டும், யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தகராறு இல்லாமல் வேலை செய்ய வேண்டும், ஆகவே விண்டோஸ். யூ வகைச் செயலி, ஒரு சிறிய விசிறி, 16 ஜிபி, பளபளக்காத திரை. ரயிலில் சன்னலோரம் இடம் கிடைக்கும் அபூர்வ நாளில் அந்தத் திரையின் அருமை தெரியும். ஒரே குறை, பெரிய யூஎஸ்பி துளை ஒன்றுதான் இருக்கிறது. டோக்கனைச் செருகினால் மவுஸுக்கு இடம் இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை பையை மறுபடி அந்தத் தராசில் வைத்தேன். 1 கிலோ 480 கிராம். "பாதிக்கு மேல் விற்றுவிட்டாயா?" என்றார் அம்மா. அரைக் கிலோ முள்கத்திரிக்காய் வாங்கி அதே பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.