8 போர் வாத்துத் துப்பாக்கி: முத்திரை இருக்கிறது என்று பணம் கட்டிவிடாதீர்கள்

இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் எடுத்த இரட்டைக்குழல் வாத்துத் துப்பாக்கி இது, 8 போர் (bore, குழலின் அளவு). விற்பனைக் குறிப்பு சொன்னது: டமாஸ்கஸ் குழல் (இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்தது), புரூஃப் (கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்து இட்ட முத்திரை) செல்லும், கூடவே ஈலி நிறுவனத்தின் 25 பழைய தோட்டா. இதில் டமாஸ்கஸ் மட்டும்தான் உண்மை.

முத்திரையில் பொய் இல்லை. அதனால்தான் ஏமாற்று எளிதாயிற்று. குழலின் அடித்தட்டையில் (பின்முனையின் அடியிலுள்ள தட்டைப் பரப்பு) வைர வடிவக் கட்டத்துக்குள் 8, கீழே சி (C) என்ற எழுத்து. 1887 புரூஃப் விதிகளில் வந்த குறி அது, தோட்டா அறையின் அளவைச் சொல்வது. பக்கத்தில் தனியாக 9. அது குழலின் உள்விட்டம், .803 அங்குலம். (ஒரு பவுண்டு ஈயத்தில் அந்த விட்டத்துக்கு எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதே போர் எண். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும்.) பின்முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் வலக்குழல் .836. 9 ஆக முத்திரை வாங்கிய குழல் 8 ஆகிவிட்டது. துருக்குழிகளை எடுக்க உள்ளே கடைந்திருக்கிறார்கள். சுற்றிலும் சுவரில் ஆயிரத்தில் பதினாறு அங்குலம் போய்விட்டது. படத்தில் கண்ணாடியாய்ப் பளபளத்த உட்புறத்தின் காரணம் இதுதான். உப்பங்கழியில் கருமருந்து (புகை எழுப்பும் பழைய வெடிமருந்து) சுட்ட குழல் அப்படி இருப்பது அபூர்வம்.

உள்விட்டம் முத்திரையைத் தாண்டிவிட்டதால் இது புரூஃப் செல்லாத துப்பாக்கி. மறு புரூஃபுக்கு அனுப்பலாம், ஆனால் மெலிந்த சுவர் சோதனை மருந்திலேயே பிளந்தால் நட்டம் உடையவருக்கே.

"இன்றைய மருந்தும் தாங்கும்" என்றும் வாய்மொழியாகச் சொன்னார்கள். இன்றைய புகையற்ற மருந்துக்கான நைட்ரோ முத்திரை 1896 விதிகளோடு வந்தது, இதில் இல்லை. கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழல். அறையின் நீளமும் 1925 வரை முத்திரையில் கிடையாது, எனவே பின்னால் யாராவது அறையை நீட்டியிருந்தால் முத்திரை காட்டிக்கொடுக்காது. அளந்தே தீரவேண்டும்.

தோட்டாக்கள் இன்னும் மோசம். பித்தளை அடி பழையது, காகிதக் கூடு புதியது. புற ஊதா விளக்கில் கூடு நீலவெள்ளையாய் ஒளிர்ந்தது. வெளுப்பூட்டி கலந்த இக்காலக் காகிதம்தான் அப்படி ஒளிரும். தராசில் ஒன்றுக்கொன்று எடை சேரவில்லை. 8 போருக்கு 2 அவுன்ஸ் ரவை (சிறு ஈயக் குண்டுகள்) வழக்கம். சிலவற்றில் ரவையே இல்லாத எடை. அறுத்துப் பார்க்காதீர்கள், பழைய கேப்பில் (தோட்டாவுக்குத் தீ மூட்டும் சிறு மூடி) அடிபட்டாலே வெடிக்கும் பாதரச ஃபல்மினேட் இருக்கலாம்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது வந்த பதில்: பழம்பொருள், உள்ளது உள்ளபடி விற்றோம்.

ஆகவே ஏலம் கேட்கும் முன் குழலின் கீழுள்ள முன்கட்டையைக் கழற்றிய நிலையில் அடித்தட்டையின் படம், இரு குழலுக்கும் 9 அங்குலத்தில் உள்விட்டம், சுவரின் மிகக் குறைந்த தடிப்பு, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வேலைப்பாடு செதுக்கிய பக்கத்தை மட்டும் படம் போடுபவரிடம் வாங்க வேண்டாம்.

துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே செட்டாக வந்தால் அதிலும் ஒரு சிக்கல். பிரிட்டனில் 8 போர் வழக்கொழிந்த தோட்டாப் பட்டியலில் இருப்பதால், 1939 செப்டம்பருக்கு முன் செய்தது உரிமம் இன்றி வைத்திருக்கத்தக்கது. ஆனால் அது காட்சிப் பொருளாக இருக்கும் வரை மட்டுமே. பொருந்தும் தோட்டாவை அதன் பக்கத்திலேயே வைத்திருந்தால், சுடும் எண்ணம் இல்லை என்று போலீஸிடம் விளக்க வேண்டியவர் வாங்கியவர்தான், விற்றவர் அல்ல.