கட்ச் பைக் டூர்: வெள்ளை நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே திரும்பியிருக்க வேண்டும்

இதை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். டெபாசிட் திரும்பி வந்துவிடும், எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பணம் வரவில்லை. அதே ஆட்கள் அடுத்த சீசனுக்கு மறுபடி ஆள் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2025 பொங்கல் லீவில் குஜராத்தின் கட்ச் பகுதிக்கு ஐந்து இரவு, ஆறு நாள் பைக் டூர் போனோம். ஒரு பக்கம் ரண் எனப்படும் உப்புப் பாலைவனம், இன்னொரு பக்கம் அரபிக்கடல். புஜ்ஜில் கிளம்பி தோலாவீரா, வெள்ளை ரண், மாண்டவி கடற்கரை, கோட்டேஸ்வர், லக்பத் கோட்டை எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி புஜ். ஆளுக்கு 38,500 ரூபாய், பைக்குக்கு டெபாசிட் தனியாக 15,000. அந்தப் பணத்துக்கு ஹிமாலயன் பைக், குழுவை வழிநடத்த அனுபவமுள்ள கேப்டன், மெக்கானிக்குடன் பேக்கப் வண்டி, எல்லா அனுமதிச் சீட்டும், டென்ட் சிட்டியில் ஒரு பௌர்ணமி இரவு. "புஜ்ஜுல வந்து இறங்கினா போதும் சார், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் சென்னையில் இருந்து பேசியவர்.

பணத்தை யூபிஐயில் அனுப்பினேன். நிறுவனத்தின் கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு தனிநபர் பெயருக்கு. ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது. முப்பது ரூபாய் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுகிற நான், இதைக் கேட்காமல் விட்டேன்.

11ஆம் தேதி மாலை புஜ் ஹோட்டல் வாசலில் ஒன்பது பைக்குகள் நின்றன. ஒன்பதிலும் வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்கு விடும் பைக்கில் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் யாருடைய சொந்த வண்டியோ. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது, விபத்து என்று போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். இது எனக்கு முன்பே தெரியும். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்ற நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது.

என் பைக்கின் பின் டயரில் குனிந்து பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 2318. அதாவது 2018ஆம் வருடம் 23ஆவது வாரம். ரப்பரில் நகம் பதியவில்லை. உப்புக் காற்றில் ஊறிய செயின் துருவேறி, விரலால் தட்டினால் ஊஞ்சல் ஆடியது. போட்டோ எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன்.

கேப்டன் என்று வந்தவன் அகமதாபாத்தில் படிக்கும் கல்லூரிப் பையன். கட்ச்சுக்கு அதற்கு முன் ஒரே முறை வந்திருக்கிறான், அதுவும் காரில். முந்தின நாள்தான் அவனை அழைத்திருக்கிறார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசி நாள் வரை அவனுக்கும் பேசின சம்பளம் வரவில்லை.

மறுநாள் காவ்டா வழியாக தோலாவீரா, சுமார் 140 கி.மீ. காவ்டாவைத் தாண்டியதும் ரண்ணின் நடுவே நேர்கோடாகப் போகும் சாலையைத்தான் எல்லோரும் "ரோட் டு ஹெவன்" என்கிறார்கள். ஒரு பக்கம் கண் கூசும் உப்பு, இன்னொரு பக்கம் இன்னும் வடியாத மழைத்தண்ணீர், தூரத்தில் பூநாரைக் கூட்டம். அழகு என்று சொல்லி முடிப்பதற்குள் பின்சக்கரம் வழுக்கியது. பங்க்சர்.

கடைசியாக வந்துகொண்டிருந்தது நானும் ஓசூர் தம்பி ஒருவனும்தான். கேப்டன் முன்னால் பறந்துவிட்டான். குழுவாகப் போகும்போது கடைசி ஆளாக ஒரு பொறுப்பாளர் வர வேண்டும், இங்கே அப்படி யாரும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஐம்பது நிமிடம் கழித்துக் கேப்டன் திரும்பி வந்து, பெருமையாகப் பையிலிருந்து பங்க்சர் கிட்டை எடுத்தான். ஓசூர் தம்பி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ட்யூப்லெஸ் டயருக்கான கிட்டுண்ணா. இந்த வண்டியில ஸ்போக் வீல், உள்ள ட்யூப்பு. இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

பேக்கப் வண்டி? அது ஒரு ஆம்னி மாதிரி வேன். மெக்கானிக் இல்லை, எங்கள் பெட்டிகளும் டிரைவரும் மட்டும். அவரும் விடியற்காலையிலேயே தோலாவீராவுக்குப் போய்விட்டார், ஏனென்றால் அதே வண்டி வேறொரு குழுவுக்கும் ஒப்புக்கொண்டிருந்தது. கடைசியில் ஓசூர் தம்பியிடம் இருந்த ஸ்பேனரால் சக்கரத்தைக் கழற்றினோம். காவ்டா பக்கம் போன பால் வண்டி ஒன்று நின்றது. கேன்களுக்கு நடுவே சக்கரத்தையும் கேப்டனையும் ஏற்றி அனுப்பினோம். ஏறுவதற்கு முன் பையன் எங்களை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான், ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமாம். சக்கரம் திரும்பி வந்தபோது மணி ஐந்து. அதுவரை நிழல் என்று எங்களுக்கு இருந்தது, சென்டர் ஸ்டாண்டில் நின்ற பைக்கின் நிழல்தான்.

தோலாவீரா சேர்ந்தபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஹரப்பா நாகரிக நகரம், கல்லை வெட்டி நீர்த்தேக்கம் கட்டியவர்களின் ஊர். நான் இந்த டூருக்கு ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை. வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

13ஆம் தேதி பௌர்ணமி. வெள்ளை ரண்ணுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனிலேயே எடுக்கலாம். இவர்கள் எடுக்கவில்லை. பிரண்டியாரா செக்போஸ்ட்டில் பௌர்ணமிக் கூட்டத்தோடு வரிசையில் நின்று எங்கள் காசிலேயே வாங்கினோம். உள்ளே போகும்போது சூரியன் மறைந்துவிட்டது. ஆனால் நிலா வந்திருந்தது. அதை மட்டும் அவர்களால் கெடுக்க முடியவில்லை. டென்ட் சிட்டி என்று சொன்னதற்குப் பதில் ஒரு கிராமத்தில் 'புங்கா' (bhunga) எனப்படும் வட்ட மண்குடிசையில் தங்க வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் அதுதான் இந்த டூரிலேயே நன்றாக இருந்தது. சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்த வேலைப்பாடு, சூடான பாஜ்ரா (கம்பு) ரொட்டி, வெண்ணெய். முன்பே சொல்லியிருந்தால் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டிருப்பேன். டென்ட்டுக்கு விலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்ததுதான் ஏமாற்று.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் நடுக்கம் தருவது. 14ஆம் தேதி நமக்குப் பொங்கல், குஜராத்தில் உத்தராயண். ஊரே மொட்டை மாடியில் நின்று பட்டம் விடும் நாள். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் அறுந்து சாலைக்குக் குறுக்கே தொங்கும், பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அது அறுப்பது அங்கே வருடாவருடம் வரும் செய்தி. உள்ளூர்க்காரர்கள் ஹேண்டில்பாரில் வளைந்த கம்பி மாட்டி, கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டுதான் வண்டி எடுப்பார்கள். அந்த நாளில்தான் எங்களை புஜ் வழியாக மாண்டவிக்கு ஓட்ட வைத்தார்கள். ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. புஜ்ஜைத் தாண்டும்போது எங்கள் குழுவில் ஒருவர் திடீரென்று பிரேக் அடித்தார். ஜாக்கெட்டின் காலரில் பிளேடால் கீறியது போல ஒரு கோடு, துணி பிளந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. ஜிப்பை முழுவதும் ஏற்றியிருந்ததால் பிழைத்தார். ஒரு ஸ்கூட்டர் கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, எல்லா வண்டிக்கும் கம்பி மாட்டிவிட்டார். அந்தச் செலவும் எங்களுடையது.

மாண்டவியில் ருக்மாவதி ஆற்றங்கரையில் மரக்கப்பல் கட்டுவதைப் பார்த்தோம். லக்பத்தில் கேப்டன் "பழைய கோட்டை" என்று சொல்லி முடித்துவிட்டான். 1819 நிலநடுக்கத்தில் சிந்து நதியின் கிளை விலகிப்போய், துறைமுகம் செத்து, ஊர் காலியான கதையை நான்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

டெபாசிட்டில் 11,800 பிடித்துக்கொண்டார்கள். கிராஷ் கார்டில் (பைக்கின் பாதுகாப்புக் கம்பி) கீறலாம். அது பழைய கீறல், ஆனால் டயரையும் செயினையும் படம் எடுத்த நான் அதை எடுக்கவில்லை. என் தப்புதான். வண்டியை வாங்குவதற்கு முன்பே வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். சென்னைக்காரரைக் கேட்டால் "நாங்க வெறும் புக்கிங்தான் சார்" என்கிறார். டூரை நடத்திய அகமதாபாத்காரர் பைக் கொடுத்தவரைக் கைகாட்டுகிறார், பைக் கொடுத்தவர் டெபாசிட்டே தன்னிடம் வரவில்லை என்கிறார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், பதில் இல்லை. அப்புறம் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்குப் போட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், அதனால் கோவையிலேயே முடிந்தது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்திருக்கிறேன். வழக்கு நடக்கிறது, அதனால்தான் பெயர்களை எழுதவில்லை.

போன வாரம் அவர்களுடைய புது விளம்பரம் வந்தது. "சொர்க்கத்துக்குப் போகும் சாலையில் எங்கள் மகிழ்ச்சியான ரைடர்கள்" என்று தலைப்பு. படத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பது நான்தான். பைக்கின் பின்பாதியை மட்டும் வெட்டிவிட்டிருக்கிறார்கள். அங்கே சக்கரம் இல்லை.