எழுத்து அட்டைப் பெட்டி: 14 மாதத்துக்குப் பிறகு

எழுதத் தூண்டும் கேள்வி அட்டைகள் கொண்ட பெட்டியின் விலை 79 ரிங்கிட்டிலிருந்து 39-க்கு இறங்கிவிட்டதாம். "அக்கா, இப்ப வாங்கலாமா?" என்று தோழி கேட்கிறாள். 14 மாதமாக என் மேசையில் இருக்கும் பொருள் என்பதால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

தகரப் பெட்டி, 60 அட்டைகள், அட்டைக்கு ஒரு விளையாட்டுக் கேள்வி. எல்லாம் ஃப்ரீரைட்டிங்குக்காக. 1973-இல் பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் பரவலாக்கிய முறை இது. பத்து நிமிடம் கையை நிறுத்தக் கூடாது, திருத்தக் கூடாது, ஒன்றும் தோன்றாவிட்டால் 'ஒன்றும் தோன்றவில்லை' என்றே எழுதிக்கொண்டு போகலாம். தகரத்தின் மூலைகளில் துரு ஏறிவிட்டது, அட்டைகள் கொஞ்சம் வளைந்துவிட்டன. நம் ஊர் ஈரத்துக்கு அது பெரிய குறையில்லை.

கேள்விகள் அருமை. 'உன் ஊர் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டால்?' என்று ஓர் அட்டை. மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். அம்மாவுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். மலாயில் பெர்ஜுந்தை என்றால் தொங்குவது. தொங்குவதையெல்லாம் எழுதிக்கொண்டே போனேன். கிளை, கொடிக்கயிறு, தூண்டில் என்று வந்து, சிலாங்கூர் ஆற்றோரம் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த அப்பாவில் போய் முடிந்தது. அவர் போய் ஒன்பது வருடம். அவரைப் பற்றி அதுவரை ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

இன்னொன்று: 'வீட்டுப் பொருள் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால்?' ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் அம்மா நெற்றியில் கட்டிய விளக்கு எழுத்தில் வந்தது. "நாளைக்குப் பெரட்டுக்கு நான் வரமாட்டேன், அவளும் தூங்கட்டும்" என்றது. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. அந்த விளக்கின் ரப்பர் பட்டை, அதில் ஒட்டியிருந்த நரைமுடி, பட்டையில் ஏறிப்போன ஒட்டுப்பால் நாற்றம் எல்லாம் வரிசையாக வந்தன. எழுதி முடித்த கையோடு அடுப்படிக்குப் போய், "எத்தனை மணிக்கும்மா எழுந்திரிப்பீங்க?" என்று கேட்டேன். "நாலு மணி. வெயில் ஏறிட்டா பால் சீக்கிரம் நின்னுடும்ல" என்றார். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக இதைக் கேட்கிறேன்.

அப்புறம் அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் இன்னொரு கேள்வி: 'இந்தப் பொருள் உன்னுடைய எந்த அச்சத்தைக் குறிக்கிறது?'

60 அட்டைக்கும் இப்படி ஒரு பின்பக்கம் உண்டு. என்ன கற்றாய், எதை மறைக்கிறாய், இனி எப்படி மாறுவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். படிக்காமல் விட்டால் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. பின்னால் கேள்வி காத்திருக்கிறது என்று தெரிந்ததும், எழுதும்போதே கை அதற்குப் பதில் தேட ஆரம்பித்துவிடுகிறது. விளக்கு விளக்காக இருக்க மாட்டேன் என்கிறது. திருத்தாதே என்று முன்பக்கம் சொல்லிவிட்டுப் பின்பக்கத்தில் மார்க் போட உட்காருவது என்ன நியாயம்? பழுப்புத்தாள் வெட்டிப் பன்னிரண்டு அட்டைக்கு ஒட்டிப் பார்த்தேன். வெயிலில் பிடித்தால் எழுத்து தெரிகிறது.

நியாயமாகச் சொன்னால், மனத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுவதற்கும் பலன் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள், தினமும் 15 நிமிடம், தங்களை வருத்திய சம்பவத்தை எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. சரி, அது வேறு வேலை. செருப்பைப் பற்றியும் குடையைப் பற்றியும் விளையாட்டாகக் கேட்டுவிட்டு, அதே மூச்சில் என் அச்சத்தைக் கேட்காதே.

வாங்காதே என்று சொல்லிவிட்டேன். 39 ரிங்கிட்டுக்கும் வேண்டாம். பிடித்த முன்பக்கக் கேள்விகளில் பத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "அப்ப உங்க பெட்டியையே குடுங்களேன்" என்றாள். மனம் வரவில்லை. இன்னும் 19 அட்டை பாக்கி இருக்கிறது.