கையால் கட்டிய லைட்டுகள்: நான்கு வருடம் கழித்து

குறும்படம் எடுக்க ஆரம்பித்தபோது எங்களிடம் கேமரா இருந்தது, லைட் இல்லை. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால் நானே கட்ட ஆரம்பித்தேன். இந்த நான்கு வருடத்தில் ஏழெட்டு கட்டியிருப்பேன். இன்றைக்கும் ஷூட்டிங்குக்கு வருவது மூன்றே மூன்றுதான். செய்முறை வீடியோக்கள் எல்லாம் லைட் முதல்முறை எரிந்து எல்லோரும் கைதட்டியதோடு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் லைட், கட்டட வேலைக்குப் பயன்படுத்தும் 500 வாட் ஹாலஜன். அதன் முன்னால் ஒரு சட்டம் வைத்து பட்டர் பேப்பர் ஒட்டினேன். முகத்தின் நிறம் அதில் வந்ததுபோல வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. ஆனால் அது லைட்டா அடுப்பா என்று கேட்கும்படி சூடு. சின்ன அறையில் இருபது நிமிடத்தில் நடிகருக்கு வியர்த்துக் கொட்டும். ஒருநாள் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டே நகர்த்திவிட்டோம், பேப்பர் பழுப்பாகிப் புகைய ஆரம்பித்தது. பல்பை வெறும் கையால் தொட்டு மாற்றியது என் இன்னொரு தவறு. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும். பல்பு சீக்கிரமே போய்விட்டது. ஒரு வருடத்தில் அதற்கு ஓய்வு கொடுத்தேன்.

அடுத்தது எல்.இ.டி. ஸ்ட்ரிப் பேனல். அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதிகம் கடுப்பேற்றியதும் இதுதான். குட்டி எல்.இ.டி.க்கள் பதித்த நாடாதான் ஸ்ட்ரிப். அதன் ஐந்து மீட்டர் சுருளை வெட்டி பிளைவுட்டில் வரிசையாக ஒட்டினேன். சில வாரங்களில் ஒவ்வொரு வரிசையாகத் தொங்க ஆரம்பித்தது. எல்.இ.டி.க்குச் சூடு இல்லை என்று நினைத்திருந்தேன். சூடு உண்டு, அது பின்பக்கமாகப் போகிறது. மரம் அதைக் கடத்தாததால் பசை இளகிவிடுகிறது. அலுமினியத் தகட்டுக்கு மாற்றிய பிறகு ஒரு வரிசைகூட உரியவில்லை.

பவர் சப்ளையிலும் சறுக்கினேன். மீட்டருக்கு 14.4 வாட், ஐந்து மீட்டருக்கு 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். கணக்கு சரிதானே என்று சரியாக 6 ஆம்பியர் சப்ளை வாங்கினேன். எப்போதும் முழுப் பளுவில் ஓடியதால் கை வைக்க முடியாத சூடு. இப்போது இருப்பது 10 ஆம்பியர். ஸ்ட்ரிப்பின் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தபோது மறுமுனை மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர் இழுத்ததும் சரியானது.

டிம்மர் கதை தனி. மலிவான டிம்மர்கள் வெளிச்சத்தை உண்மையில் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஸ்லோ மோஷனுக்காக ஷட்டர் வேகத்தைக் கூட்டிய ஒரு காட்சி முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம். டிம்மரைக் கழற்றிப் போட்டுவிட்டேன். பாதி வரிசைகளுக்குத் தனி ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். அதற்கும் மேல் குறைக்க வேண்டுமென்றால் லைட்டைப் பின்னால் தள்ளுவேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசிக்கு வந்துவிடும்.

ஸ்ட்ரிப் வாங்கும்போது சி.ஆர்.ஐ. எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அந்த லைட்டில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. என் முதல் சுருளில் அந்த எண்ணே போடவில்லை. நடித்தவர்கள் எல்லோரும் காமாலை வந்தவர்கள்போலத் தெரிந்தார்கள். லைட்டிலேயே இல்லாத சிவப்பை, எடுத்த படத்தின் நிறத்தைத் திருத்தும் கலர் கிரேடிங்கில் கொண்டுவர முடியாது. இரண்டாவது முறை 95க்கு மேல் உள்ளதை, சிவப்பு எவ்வளவு சரியாகத் தெரியும் என்று காட்டும் ஆர்9 மதிப்பையும் பார்த்து வாங்கினேன். தோல் தோலாகத் தெரிந்தது.

மிச்சமிருக்கும் இன்னொரு லைட், காகித உருண்டை விளக்கு. உள்ளே ஒரு எல்.இ.டி. பல்பு, அவ்வளவுதான். பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் இதற்கே முதலிடம். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டால் நான்கு பேர் முகமும் ஒரே மாதிரி மென்மையாக வரும். காகிதம் கிழியும், இதுவரை மூன்று மாற்றியிருக்கிறேன். வெளிச்சம் சுவரெல்லாம் சிந்தும் என்பதால் மேல்பாதியில் கறுப்புத் துணி சுற்றுகிறேன். சில பல்புகள் வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அந்தத் துடிப்பு தெரியாது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60, 1/120.

மூன்றாவது உருப்படியை லைட் என்று சொல்லலாமா தெரியவில்லை: தெர்மாகோல் பலகை, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்புப் பெயின்ட். பேனலை நேராக முகத்தில் அடிக்காமல் இதில் பட்டுத் திரும்ப விட்டதும்தான் எங்கள் படங்கள் படம்போலத் தெரிய ஆரம்பித்தன. கறுப்புப் பக்கத்தைக் கன்னத்தோரம் பிடித்தால் நிழல் ஆழமாகும். வயர் இல்லை, சத்தம் இல்லை, ஓரம் உடைந்தாலும் வேலை செய்யும்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. பவர் சப்ளைக்குள் இருக்கும் குட்டி ஃபேன் மைக்கில் நன்றாகவே பதிவாகும். இப்போது வயரை நீட்டி, சப்ளையை அடுத்த அறையில் வைக்கிறேன். அதன் திறந்த முனைகளில் ஒருமுறை என் கை பட்டு நல்ல ஷாக். அன்றே மூடிய பெட்டிக்குள் வைத்து, பேனல் தகட்டுக்கும் எர்த் கொடுத்தேன். இதைச் செய்யாமல் யாரும் கூட்டம் நிற்கும் இடத்தில் லைட்டை ஏற்ற வேண்டாம்.

பகலில் ஜன்னல் தெரியும் காட்சிக்கு இவை எதுவும் ஆகாது. 72 வாட்டை வைத்துக்கொண்டு சூரியனோடு போட்டி போட முடியாது. அப்படிப்பட்ட காட்சி இருந்தால் நடிகரை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டு, எதிரே தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.