தேனை லேபுக்கு அனுப்பினேன், ரிப்போர்ட்டில் ரப்பரையே காணோம்

போன மார்ச்சில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தேனீ வளர்ப்பவர் வீட்டில் இரண்டு கிலோ தேன் வாங்கினோம். அசல் ரப்பர் தோட்டத் தேன் என்றார். என் வீட்டுக்காரர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார், அது அடியில் போய் உட்கார்ந்ததும் "சுத்தமான தேன்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் உட்காரும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மார்த்தாண்டம் தேனாயிற்றே, ஊரைக் கண்டுபிடிக்க முடிகிறதா பார்ப்போம் என்று ஒரு தனியார் லேபில் மகரந்தச் சோதனைக்குக் கொடுத்தேன்.

தேனை வெந்நீரில் கரைத்து வேகமாகச் சுழற்றி, அடியில் படியும் வண்டலை மைக்ரோஸ்கோப்பில் வைத்து மகரந்தத்தை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஒரே செடியின் மகரந்தம் 45 சதவீதத்தைத் தாண்டினால் அது அந்தப் பூவின் தேன் என்பது பொதுக்கணக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு பக்க அட்டவணை வந்தது. தென்னை, புளி, இன்னும் இரண்டு மூன்று. ரப்பர்: இல்லை. அவ்வளவுதான், ஒரு வரி விளக்கம் கிடையாது.

கோபத்தில் விற்றவருக்கே போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ரப்பர்ல தேன் பூவுல இல்லம்மா, கொழுந்து இலைக் காம்புலயாக்கும்." இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போது காம்பு நுனியில் இருக்கும் சுரப்பியில் இனிப்பு நீர் கசியுமாம், தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது, பூவைத் தொடாத தேனில் ரப்பர் மகரந்தம் எங்கிருந்து வரும்? தேடிப் படித்தேன், அவர் சொன்னது சரிதான். இதை லேப் அல்லவா எழுதியிருக்க வேண்டும்!

தென்னையும் புளியும் கேரளாவிலும் உண்டு, தென்காசியிலும் உண்டு, அதனால் ஊர் விஷயத்தில் ரிப்போர்ட் கைவிரித்துவிட்டது. கூடவே கார்பன் ஐசோடோப் சோதனையும் செய்யச் சொன்னார்கள், செய்தேன், தேறியது. கரும்பு, சோளச் சர்க்கரை கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும், அரிசிப் பாகு தப்பித்துவிடும் என்பதைப் பணம் கட்டின பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளைச் சோதித்ததில், ஜெர்மனியில் செய்த என்எம்ஆர் சோதனையையும் (தேனின் வேதிக் கைரேகையைப் பார்த்துக் கலப்படம் பிடிப்பது) சேர்த்து எல்லாவற்றிலும் தேறியவை ஐந்தே ஐந்து. என்எம்ஆர் வசதி இந்த லேபில் இல்லை.

எண்ணிக் கொடுத்த வேலை சுத்தம், விளக்கம் பூஜ்யம். ஐந்துக்கு இரண்டரை. அனுப்புவதாக இருந்தால் எந்த மாதம் எடுத்த தேன், பெட்டியைச் சுற்றி என்ன தோட்டம் என்று விற்றவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை, பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.