கொடைக்கானலில் “14 இடம், பெரிஜம் சேர்த்து” என்று யாராவது சொன்னால் உஷார்

காலாண்டு விடுமுறைக்கு மதுரையிலிருந்து கவர்மென்ட் பஸ்ஸில் கொடைக்கானல் போனோம். நான், கணவர், அத்தை, இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு ஒரே ஆசை, பெரிஜம் ஏரி. கல்யாணமான புதிதில் மாமாவோடு போனாராம். மற்ற இடமெல்லாம் உங்களுக்காக என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸைவிட்டு இறங்கிப் பையைத் தோளில் போடுவதற்குள் ஒருவர் வந்துவிட்டார். “14 இடம், பெரிஜம் சேர்த்து 3,500க்கா. ஃபாரஸ்ட் பெர்மிஷன் நாங்களே எடுத்துருவோம். இ-பாஸுக்கு மட்டும் தனியா 200.” மொத்தத்தையும் கையில் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ‘14 இடம், காலை 8.30’ என்று எழுதிக் கொடுத்தார். பெரிஜம் என்ற வார்த்தை அதில் இல்லை. அப்போது அது கண்ணில் படவில்லை.

முதலில் அந்த இருநூறைச் சொல்லிவிடுகிறேன். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது சரிதான். ஆனால் அது சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ மலையேறுபவர்களுக்கு. அதையும் போனிலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கவர்மென்ட் பஸ்ஸில் வந்த எங்களுக்கு எதற்கு?

மறுநாள் எட்டரைக்கு வரவேண்டிய வண்டி பத்தே முக்காலுக்கு வந்தது. ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் சொன்னார்: “பெரிஜம் ரூட்ல யானை நிக்குதுக்கா. காலைலயே மூடிட்டாங்க.”

கெட்டிக்காரத்தனமான பொய். யானை நடமாட்டத்தால் வனத்துறை அந்தப் பாதையை மூடுவது அடிக்கடி நடப்பதுதான், பேப்பரில் நாமே படித்திருப்போம். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அத்தைகூட, “நிக்கட்டும், அது வீடுதானே” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிஜம் வேறு. பெரிஜம் 20 கி.மீ.க்கு மேல் காட்டுக்குள் இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்துத்தான் அனுமதிப்பார்கள். காலையிலேயே போய் நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கும். எங்கள் ஆள் அந்த நேரத்தில் வேறு யாரையோ எங்கேயோ இறக்கிவிட்டு வந்திருக்கிறார்.

சரி, அந்த 14 இடம்? கோல்ஃப் மைதானம் ஒன்று. கம்பி வேலி வழியாக, வண்டியை நிறுத்தாமலே. ரோட்டு வளைவில் ஏரி தெரிந்தது, அது இன்னொன்று. பைன் காடு, குணா குகை எல்லாம் ஓட்டமும் நடையுமாக. தூண் பாறை 400 அடி உயரம் என்கிறார்கள், நாங்கள் பார்த்தது வெறும் மூட்டம். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பெரிஜம் போகும் பாதை மோயர் பாயின்ட் பக்கத்தில்தான் பிரிகிறது. அங்கே வந்ததும் டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். மீதி நேரமெல்லாம் கடைகள்: சாக்லேட், தைலம், பூண்டு. சாக்லேட் கடையில் மட்டும் நாற்பது நிமிஷம்.

ராத்திரி லாட்ஜ் வராந்தாவில் கரூர்க் குடும்பம் ஒன்று போனில் படம் காட்டிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் காட்டுமாடு, பின்னால் ஏரி. “பெரிஜம்ங்க, இன்னைக்குக் காலைல எடுத்தது.” அத்தை அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணம் வாங்கியவருக்குப் போன் போட்டால், “அது டிரைவர் பொறுப்பு.” டிரைவரைக் கேட்டால், “புக்கிங் எடுத்தவரைக் கேளுங்க.” காலையில் பஸ் ஸ்டாண்டுக்கே போய்ச் சத்தம் போட்டபிறகு 500 ரூபாய் திரும்பியது. பெரிஜம் போகிறவர்கள் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வண்டி பத்து மணியைத் தாண்டி வந்தால் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

பெரிஜத்துக்கு இன்னொரு நாள் தங்க வழியில்லை. மிச்சமிருந்த பொழுதுக்குப் பஸ் ஏறிப் பூம்பாறை போனோம். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டோம், போகர் செய்த சிலை என்பது ஐதீகம். பிரகாரத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் வீட்டிலேயே கால் கிலோ பூண்டு வாங்கினோம்.

ஊருக்கு வந்து அத்தை இரண்டு பூண்டையும் முறத்தில் பக்கத்துப் பக்கத்தில் கொட்டினார். டிரைவர் கூட்டிப்போன கடையில் ‘2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு’ என்று சொல்லி விற்றது வெள்ளை வெளேரென்று பெரிய பல், தொட்டாலே தோல் கழன்று வந்தது, முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. பூம்பாறைப் பூண்டு சின்னது, பழுப்பேறியது, புகை போட்ட வாசனை. ஒரு பல்லை நசுக்கியதும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கூடம் வரைக்கும் நெடி ஏறியது.

அந்த வெள்ளைப் பூண்டு தனிக் கூடையில் இன்னும் இருக்கிறது. அத்தை அதற்கு ‘யானைப் பூண்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார். ரசத்துக்கு அதை எடுத்தால் கையிலேயே ஒரு தட்டு விழும்.